ஒரு வரிசை யாரைக் குறிக்கிறது?



சென்ற மாதம் தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கான நேர்முகத் தேர்வு ஒன்றுக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்பினேன். முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். உதவித்தொகை இவ்வாண்டு இறுதியோடு முடிகிறது. வரலாற்றுத் துறையில் உடனே பணி கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆகவே சில மாதங்களாக எஸ்.க்யூ.எல். பயின்று வருகிறேன். அத்தேர்வில் நான் தோற்ற விதமும், அந்தத் தோல்வி என் ஆய்வேட்டின் ஓர் இயலையே திருத்தும்படி செய்த விதமும் என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இதை எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

கேட்கப்பட்ட வினா எளியது. இரண்டு அட்டவணைகள். ஒன்றில் வாடிக்கையாளர்கள், மற்றொன்றில் அவர்கள் செய்த ஆர்டர்கள். ஒருமுறைகூட ஆர்டர் செய்யாத வாடிக்கையாளர்கள் யாவர்? ஆர்டர் அட்டவணையிலுள்ள வாடிக்கையாளர் எண்களை ஓர் உள்வினவலால் எடுத்து, அப்பட்டியலில் இல்லாதவர்களை 'நாட் இன்' கொண்டு கேட்டேன். ஒரு வரிசைகூட வரவில்லை. "அப்படி யாரும் இல்லை, எல்லாருமே ஆர்டர் செய்திருக்கிறார்கள்" என்றேன். தேர்வாளர், "உறுதியாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். உறுதியாகத்தான் சொன்னேன். அவர் ஆர்டர் அட்டவணையைத் திரையில் மெல்ல நகர்த்திக் காட்டினார். ஒரே ஓர் ஆர்டரில் வாடிக்கையாளர் எண் நிரப்பப்படாமல் இருந்தது. அந்த ஒரு வெற்றிடம் என் விடை முழுவதையும் அழித்துவிட்டிருந்தது.

காரணத்தை அன்றிரவுதான் விளங்கிக்கொண்டேன். எஸ்.க்யூ.எல்.லில் 'நல்' என்பது சுழியமும் ஆகாது, வெற்றுச் சொல்லும் ஆகாது. 'தெரியாது' என்பதே அதன் பொருள். ஐந்தாம் எண் வாடிக்கையாளர் அந்தத் 'தெரியாத' எண்ணுக்கு உரியவர்தானா என்று கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் 'தெரியாது' என்றே பதில் வரும். ஒருவர் பட்டியலில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணோடும் ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் 'சமமில்லை' என்று நிறுவியாக வேண்டும். ஓர் இடத்தில் 'தெரியாது' வந்துவிட்டால் முடிவும் 'தெரியாது' ஆகிவிடும். 'வேர்' நிபந்தனையோ உண்மை என்று நிறுவப்பட்ட வரிசைகளை மட்டுமே உள்ளே விடும். எனவே ஆர்டர் செய்யாதவர்கள் இருந்தும் ஒருவரும் வரவில்லை. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராது. கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டவில்லை என்பதுதான் என்னை அச்சுறுத்தியது. இலக்கணப் பிழையற்ற வினவல் பொய்யான விடையை அமைதியாகத் தந்தது. நான் அதை நம்பிப் பேசினேன்.

நான் குடியிருப்பது கல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள கார்டன் ரீச்சில். ஐரோப்பியர் கட்டிய தோட்ட மாளிகைகளால் பெயர்பெற்ற பகுதி இது. அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856ஆம் ஆண்டு வந்து, 1887ஆம் ஆண்டு இறக்கும்வரை வாழ்ந்த மெட்டியாபுருஸ் இதை ஒட்டியே இருக்கிறது. இன்று தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் கப்பல் கட்டும் தளமும் இங்கே உள்ளன. சந்துகளில் நாள் முழுதும் தையல் எந்திரங்களின் ஓசை கேட்கும். ஆனால் என்னை இங்கே அழைத்துவந்தது வேறொரு வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களைக் கப்பலேற்றும்வரை தங்கவைத்த டிப்போக்கள் கார்டன் ரீச்சிலும் அருகிலுள்ள கிதிர்பூரிலும் இருந்தன. சூரினாம் படித்துறையில் 2015ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 'மாய் பாப்' சிலை, மூட்டையுடன் புறப்பட்ட ஓர் ஆணையும் பெண்ணையும் காட்டுகிறது. சூரினாமுக்குச் சென்ற முதல் கப்பலான 'லல்லா ரூக்' 1873 பிப்ரவரி 26 அன்று கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது.

என் ஆய்வு ஃபிஜிக்குச் சென்றவர்களைப் பற்றியது. 1879 முதல் 1916 வரை கல்கத்தா வழியாக 45,439 பேரும், 1903 முதல் சென்னை வழியாக 15,114 பேரும் ஃபிஜிக்குச் சென்றனர். பாரதியின் கரும்புத் தோட்டப் பாடல் வழியாக நாம் அறிந்த ஃபிஜி இதுவே. ஒவ்வொருவருக்கும் ஒரு குடிபெயர்வுச் சீட்டு எழுதப்பட்டது. கப்பலின் பெயர், டிப்போ எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளங்கள், நெருங்கிய உறவினர், மணமானவராயின் துணையின் பெயர் என அதில் பல கட்டங்கள் உண்டு. தரவுப் பகுப்பாய்வு கற்பவருக்கு இச்சீட்டு அறிமுகமான ஒன்றாகவே தோன்றும். ஒரு சீட்டு, ஒரு வரிசை.

இதை முதலில் முழுமையாகச் செய்து காட்டியவர் வரலாற்றாசிரியர் பிரிஜ் வி. லால். ஃபிஜியில் பிறந்தவர், அவருடைய பாட்டனாரே ஓர் ஒப்பந்தக் கூலி. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக, கல்கத்தா வழியாகச் சென்ற 45,439 பேரின் சீட்டுகளையும் குறியீடுகளாக்கிக் கணினியில் ஏற்றினார். அவ்வாய்வு 1983ஆம் ஆண்டு 'கிர்மிட்டியாஸ்' என்ற நூலாக வெளிவந்தது. 'அக்ரிமெண்ட்' என்ற சொல் வட இந்திய நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. கிர்மிட்டில் கையொப்பமிட்டவர் கிர்மிட்டியா. எட்கர் காட் உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை 1970ஆம் ஆண்டிலும், சேம்பர்லினும் பாய்ஸும் எஸ்.க்யூ.எல்.லின் முன்வடிவத்தை 1974ஆம் ஆண்டிலும் வெளியிட்டிருந்தனர் என்றாலும், அம்மொழிக்கு ஒரு பொதுத்தரம் 1986ஆம் ஆண்டுதான் வந்தது. இன்று நாம் ஒரு நொடியில் கேட்கும் வினாக்களை லால் எத்தனை உழைப்பில் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அவர் கேட்ட வினாக்களுள் ஒன்று இது: ஒருவர் பிறந்த மாவட்டமும் அவர் கூலியாகப் பதிவு செய்யப்பட்ட மாவட்டமும் ஒன்றா? இரண்டு நெடுவரிசைகளை ஒப்பிடும் எளிய நிபந்தனைதான். விடையோ எளியதன்று. பலர் தம் சொந்த மாவட்டத்துக்கு வெளியே பதிவு செய்யப்பட்டிருந்தனர். அதாவது கடல் கடக்கும் முன்பே வேலை தேடி வீட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். கிராமத்தில் அமர்ந்திருந்த அப்பாவியை முகவர் ஏமாற்றிக் கப்பலேற்றினார் என்ற ஒற்றைக் கதை அதன்பின் அப்படியே நிற்க இயலவில்லை. நல்ல வினவல் செய்யக்கூடிய வேலை இதுதான் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. சொன்ன நானே தேர்வில் தோற்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேர்வுக்குப் பிறகு பாடநூலை மூடிவைத்து, எனக்கு நன்கு தெரிந்த பொருளைக் கொண்டே மீண்டும் தொடங்கினேன். கற்பனைப் பெயர்களால் ஒரு சிறு பயிற்சி அட்டவணை அமைத்தேன். முதல் அட்டவணையில் 10 பயணிகள். இரண்டாவதில் அவர்கள் செய்த ஒப்பந்தங்கள். அந்தப் பத்துப் பேரில் இருவர் கைக்குழந்தைகள். அவர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. எஞ்சிய எண்மரில் இருவர் ஐந்தாண்டு முடிந்ததும் மீண்டும் ஒப்பந்தம் செய்தவர்கள். எனவே அவர்களுக்கு இரண்டிரண்டு ஒப்பந்தங்கள். இரு அட்டவணைகளையும் 'இன்னர் ஜாயின்' கொண்டு இணைத்து எண்ணினேன். விடை 10.

பயணிகள் 10; விடையும் 10. வேறொரு நாளாயிருந்தால் மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அன்று ஒவ்வொரு பெயராகப் படித்தேன். இரண்டு குழந்தைகளும் இல்லை. இருவருடைய பெயர் இரண்டிரண்டு முறை வந்திருந்தது. விடுபட்டவர்களின் இடத்தை இரட்டித்தவர்கள் நிரப்பிவிட்டிருந்தனர். வேறுபட்ட பயணி எண்களை மட்டும் எண்ணும்படி 'டிஸ்டிங்ட்' சேர்த்தபோது 8 என்று வந்தது. 'லெஃப்ட் ஜாயின்' எழுதியபோது வரிசைகள் 12 ஆயின, ஆட்கள் 10. பன்னிரண்டு, பத்து, எட்டு ஆகிய மூன்று எண்களுமே சரியானவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு வினாவுக்கு விடை. ஆனால் முதலில் வந்த பத்து, ஆட்களின் எண்ணிக்கை என்று நான் எண்ணிக்கொண்ட அந்தப் பத்து, ஒப்பந்தங்களின் எண்ணிக்கை.

இதை எனக்குத் தெளிவாக விளக்கியவர் கணினியைத் தொடாத ஒருவர். நான் இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் சிறிய தையற்கூடம் நடத்துகிறார். இப்பகுதியில் இத்தகைய தையல் முதலாளியை 'ஒஸ்தாகர்' என்பர். துணியை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கைத்தொழிலாளர்களிடம் கொடுத்து, தைத்து வந்ததும் கூலி கணக்கிடுவார். நான் அவரைச் 'சாச்சா' என்பேன். அவர் என்னை 'மா' என்பார். பயிற்சிக்காக அவருடைய கணக்கு நோட்டைக் கணினியில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சாச்சா, இந்த வாரம் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்களா?" என்றேன்.

"இருபத்திரண்டு கட்டு, மா. ஒரு வரி என்றால் ஒரு கட்டு. ஆளை எண்ண வேண்டுமென்றால் கடைசிப் பக்கம் பார்."

கடைசிப் பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருந்தன. சிலவற்றின் எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. இவர்கள் யார் என்று கேட்டேன்.

"இந்த வாரம் கட்டு வாங்காதவர்கள். அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் அல்லவா? இல்லாவிட்டால் வரவில்லை என்று எப்படித் தெரியும்? ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் ஊருக்குப் போயிருக்கிறான், ஒருவன் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான். மூன்றும் ஒன்றா?"

நேர்முகத் தேர்வில் எனக்குக் கேட்கப்பட்டதும் இதே வினாதான். முழுப் பெயர்ப்பட்டியலை இடப்பக்கம் வைத்து, வேலைக் கணக்கை வலப்பக்கம் இணைப்பதே 'லெஃப்ட் ஜாயின்'. எதிரே வெற்றிடம் வரும் பெயர்களே வராதவர்கள். அந்த வெற்றிடம் ஏன் வந்தது என்பதை எந்த வினவலும் சொல்லாது. சாச்சாவைத்தான் கேட்க வேண்டும்.

அந்த நோட்டிலேயே இன்னொன்றும் கற்றேன். ஒவ்வொரு தொழிலாளருக்கும் தனிப்பக்கம் உண்டு. அதில் ஒவ்வொரு கட்டுக்கும் எதிரே அன்றுவரை சேர்ந்த கூலியைச் சாச்சா எழுதியிருப்பார். 'குரூப் பை' எழுதினால் ஒருவருடைய வரிகள் அனைத்தும் மறைந்து ஒரே மொத்தம் மிஞ்சும். அந்த மொத்தங்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டவற்றை மட்டும் வடிகட்டுவது 'ஹேவிங்'. தொகுப்பதற்கு முன்பே வரிகளை வடிகட்டுவது 'வேர்'. ஆனால் சாச்சாவின் பக்கத்தில் வரியும் இருக்கிறது, வரிக்கு அருகே ஓடும் மொத்தமும் இருக்கிறது. எஸ்.க்யூ.எல்.லின் 'விண்டோ ஃபங்ஷன்' செய்வது இதையேதான். ஆளின் பெயரால் 'பார்ட்டிஷன்', தேதியால் 'ஆர்டர்', அதன்மேல் 'சம்'. 2003ஆம் ஆண்டுப் பொதுத்தரத்தில் இடம்பெற்ற இவ்வசதியைப் பல வாரங்கள் எனக்கு எட்டாத ஒன்றாகவே நினைத்திருந்தேன். நோட்டின் ஒரு பக்கத்தைக் கண்முன் வைத்தபின் ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிட்டது.

இனி என் இயலுக்கு வருகிறேன்.

சென்னை வழியாகச் சென்ற பெண்களைப் பற்றிய இயலில், ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் எடுத்துக்கொண்ட மாதிரியில் மணமாகாமல் தனித்துச் சென்ற பெண்கள் எத்தனை விழுக்காட்டினர் என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். கல்கத்தா வழிச் சென்ற வயதுவந்த பெண்களில் பெரும்பான்மையோர் துணையின்றியே சென்றனர் என்று லால் காட்டியிருந்தார். அதற்கு ஒரு தமிழ் ஒப்பீடு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். ஒரு கருத்தரங்கில் அந்த எண்ணைச் சொல்லிப் பாராட்டும் பெற்றேன். சாச்சாவின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த அன்றிரவு, அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டேன் என்று பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். மொத்த வரிசைகளை எண்ணி, அதிலிருந்து 'துணையின் பெயர்' நிரப்பப்பட்ட வரிசைகளைக் கழித்திருந்தேன். எஞ்சியவர்களை 'மணமாகாதவர்' என்று எழுதியிருந்தேன்.

வெற்றிடத்தை நான் 'இல்லை' என்று வாசித்திருக்கிறேன். அந்தப் பெண் மணமாகாதவராக இருக்கலாம். கைம்பெண்ணாக இருக்கலாம். கணவனை விட்டு வந்தவராகவோ, கணவனால் விடப்பட்டவராகவோ இருந்து, எழுத்தரிடம் பெயரைச் சொல்ல மறுத்திருக்கலாம். எழுத்தர் கேட்காமலே விட்டிருக்கலாம். சீட்டைப் படியெடுத்த நானே ஒரு கட்டத்தைத் தவறவிட்டிருக்கவும் கூடும். காய்ச்சல், ஊர்ப்பயணம், வேறிடத்து வேலை, மூன்றும் ஒன்றா?

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. அட்டவணையை அதனோடே இணைப்பது. 'செல்ஃப் ஜாயின்' என்பார்கள். ஒரு பெண்ணின் சீட்டில் கணவன் பெயர் இல்லாவிட்டாலும், அதே கப்பலில் சென்ற ஓர் ஆணின் சீட்டில் மனைவியாக அவர் பெயர் இருக்கக்கூடும். கப்பல், மாவட்டம், ஊர், பெயர் நான்கும் பொருந்த வேண்டும் என்று எழுதினேன். 'தனித்துச் சென்றவர்' என்று நான் எண்ணியிருந்தவர்களில் சிலர் அவ்வாறு தம் கணவரோடு சேர்ந்து கிடைத்தனர். எண்ணிக்கையில் சிலரே. ஆயினும் என் வாக்கியம் விழுந்துவிட்டது; அந்தச் சிலரால் மட்டுமன்று, எஞ்சியோரைப் பற்றி எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதால்.

நெறியாளரிடம் சென்று சொன்னேன். திருத்துவதென்றால் மூலச் சீட்டுகளை மீண்டும் ஒப்பிட வேண்டும். இயல் குறைந்தது இரண்டு மாதம் தாமதமாகும். உதவித்தொகை முடிந்தபின்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இயலும். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கருத்தரங்கில் சொன்ன எண்ணை யாரும் சோதிக்கப் போவதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் நீயே திருத்த வேண்டியிருக்கிறது" என்றார். அன்றே கருத்தரங்க ஒருங்கிணைப்பாளருக்குத் திருத்தம் எழுதினேன். எழுத எளிதாக இல்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "அப்போ பணத்துக்கு என்ன செய்வே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்னும் முழுமையான விடை என்னிடம் இல்லை.

தரவுப் பகுப்பாய்வுப் பணியை நாடும் ஆய்வு மாணவர்கள் சிலர் எதிலிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 'செலக்ட்', 'வேர்', 'ஆர்டர் பை' ஆகியவற்றைத் தாண்டியபின் கற்க வேண்டியவற்றின் பட்டியல் எங்கும் கிடைக்கும்: பலவகை இணைப்புகள், தொகுத்தல், உள்வினவல், 'வித்' கொண்டு நீண்ட வினவலைப் படிப்படியாகப் பிரித்தல், விண்டோ ஃபங்ஷன். இலக்கணத்தைச் சில வாரங்களில் கற்கலாம். அதோடு நான் இப்போது கைக்கொள்ளும் சில பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன்.

வினவல் எழுதும் முன், இந்த அட்டவணையில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு வாக்கியம் தமிழில் எழுதிவிடுகிறேன். ஆளா, ஒப்பந்தமா, கட்டா? அந்த வாக்கியத்தை எழுத முடியாவிட்டால் எண்ணத் தொடங்குவதில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் முன்னும் பின்னும் வரிசைகளையும் ஆட்களையும் தனித்தனியே எண்ணுகிறேன். ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை வெற்றிடங்கள் என்று பார்க்கிறேன். அவற்றின் காரணங்களை அறிய இயலாவிட்டால் 'தெரியாதவர்' என்று தனி வகையாகவே அறிக்கையில் காட்டுகிறேன். இறுதியாக, வெளியிலிருந்து தெரிந்த ஒரு மொத்தத்தோடு ஒப்பிடுகிறேன்.

இறுதிப் பழக்கத்துக்கு 'லல்லா ரூக்' நல்ல எடுத்துக்காட்டு. 1873 ஜூன் 5 அன்று அது சூரினாமை அடைந்தபோது இறங்கியவர்கள் 279 ஆண்கள், 70 பெண்கள், 32 சிறுவர்கள், 18 சிறுமியர். கூட்டினால் 399. தொகுப்பு சரியாகவே இருக்கிறது. ஆனால் கல்கத்தாவில் ஏறியவர்கள் 410 பேர். இறங்கியோர் பட்டியலை மட்டும் வைத்து எத்தனை முறை எண்ணினாலும் வழியில் இறந்த அந்த 11 பேர் வரமாட்டார்கள். ஏறியோர் பட்டியலை இடப்பக்கம் வைத்தால்தான் வருவார்கள்.

மாலையில் சில நாட்கள் சூரினாம் படித்துறைப் பக்கம் நடந்து செல்கிறேன். திருத்த வேண்டிய சீட்டுகள் இன்னும் பாதிக்கு மேல் இருக்கின்றன. சாச்சாவின் நோட்டைக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, பழைய நோட்டிலேயே எழுதி வருகிறார். அடுத்த வாரம் எனக்கு இன்னொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. "உறுதியாகச் சொல்கிறீர்களா?" என்று இம்முறையும் யாரேனும் கேட்டால், வெற்றிடங்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன்.

பிழை காண்போர் தயங்காமல் சுட்டிக்காட்டுக.